ஒன்று வேகம், இரண்டு மெல்ல

வால்டிவியாவில் மழைக்கு விடுமுறை கிடையாது.
நகராட்சி உடற்பயிற்சிக் கூடத்தின் தகரக் கூரையில்
அது கொட்டும் சத்தத்தில்
ரெனாத்தோ கத்துவது பாதிதான் கேட்கும்:
ஒரு நிமிடம் வேகம்.
இரண்டு நிமிடம் மெல்ல.
பத்து முறை.
பத்து என்பதை மட்டும் தாழ்ந்த குரலில் சொல்வான்,
வட்டி சொல்லும் வங்கிக்காரனைப் போல.

நான் யாஸ்னா ஒயார்சுன்.
பேருந்து நிலையத்தில் நான்காம் எண் கண்ணாடிக்குப் பின்னால்
பதினேழு வருடமாக உட்கார்ந்து
மற்றவர்களை ஊருக்கு அனுப்புகிறவள்.
ஒசோர்னோ, தெமுக்கோ, சந்தியாகோ இரவு வண்டி.
என் நாற்காலிக்குச் சக்கரம் உண்டு.
அச்சு இயந்திரம் வரைக்கும்கூட
நான் நடந்து போனதில்லை.

முதல் நாள் ஒரு படிவம்.
ஏன் வந்தீர்கள்? ஒன்று முதல் ஏழுவரை வட்டமிடுக.
மருத்துவர் சொன்னதால்: ஏழு.
வராவிட்டால் மனம் உறுத்தும் என்பதால்: ஏழு.
எனக்குப் பிடித்திருப்பதால்
என்ற வரியில் சிரித்துவிட்டேன்.
பக்கத்து நாற்காலியில் ஊர்சுலா ஷ்வென்கேவும்
அதே வரியில்தான் நின்றிருந்தாள்,
பேனாவைக் கடித்தபடி.

ஒரு நிமிடத்தின் நீளம் எனக்குத் தெரியாமலா?
சீட்டு இயந்திரம் சிக்கிக்கொள்ளும்போது
வரிசையில் நிற்பவர்களின் முகத்தில்
அதை அளந்தவள் நான்.
ஆனால் இது வேறு.
இருபதாம் நொடியில் தொடை எரிந்தது.
நாற்பதில் காதுக்குள் யாரோ கதவை இடித்தார்கள்.
ஐம்பதில் ரெனாத்தோவின் அம்மாவை ஒரு வார்த்தை சொன்னேன்.
மழை நல்லது, அவன் காதில் விழவில்லை.

பிறகு, மெல்ல.

மிதிகள் தாமாகச் சுற்றின.
வியர்வை மூக்கு நுனியில் தயங்கி நின்றது.
இதுவும் பயிற்சிதான், இளைப்பாறலும் கணக்கில் சேரும்
என்றான்.
நாற்பத்தாறு வயதில்
மூச்சு வாங்கியதற்கு
முதல் முறையாக ஒருவர் மதிப்பெண் போட்டார்.

மூன்றாம் வாரம் நான் போகவில்லை.
காரணம் ஒன்றும் இல்லை.
மழை என்று சொல்லலாம்,
இந்த ஊரில் மழையைக் காரணம் சொன்னால் நாய்கூட நம்பாது.
மரிசோல் கத்ரிலேயோ தொலைபேசினாள்.
ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.
உன் சைக்கிளின் இருக்கையை எவளோ உயர்த்திவிட்டாள்,
வந்து இறக்கிக்கொள், என்றாள்.
எனக்குக் கோபம் வந்தது.
என் சைக்கிளா! யார் அவள்?
கோபத்திலேயே போனேன்.

போகும் வழியில் ஆற்றோர மீன் சந்தை.
படிகளில் கடற்சிங்கங்கள் கிடக்கும்.
ஒவ்வொன்றும் என்னைப்போல் மூன்று பங்கு.
அவற்றிடம் யாரும் படிவம் நீட்டுவதில்லை.
ஒன்று நீருக்குள் சரியும்போது பாருங்கள்,
அத்தனை எடையும் எங்கே போனது?

பன்னிரண்டாம் வாரம் தராசு.
ரெனாத்தோ தாளைத் திருப்பி வைத்தான்.
காட்டு, என்றேன்.
நூற்று நான்கு, நூற்று இரண்டரை ஆகியிருந்தது.
ஒன்றரைக் கிலோ.
என் கைப்பை அதைவிடக் கனம்.
அன்று கூடத்துக் கழிவறையில்
குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

அந்த வெள்ளிக்கிழமைதான்
தெமுக்கோ போகும் பையன் ஒருவன்
அடையாள அட்டையை என் ஜன்னலில் விட்டுப் போனான்.
பதினோராம் நடைமேடை, வண்டி பின்வாங்குகிறது.
எழுந்தேன்.
இருபதில் தொடை.
நாற்பதில் காது.
இது முடியும், எனக்குத் தெரியும், அறுபதில் முடியும்.
கதவைத் தட்டி அட்டையை நீட்டினேன்.
நடத்துநர் வாய் பிளந்தார்:
யாஸ்னா, நீ நின்றே நான் பார்த்ததில்லையே!
பதில் சொல்ல மூச்சில்லை.
இரண்டு நிமிடம் மெல்லத் திரும்பி நடந்தேன்,
முறைப்படி.
வரிசை காத்திருந்தது. காத்திருக்கட்டும்.

கடைசிப் படிவத்தில் அதே வரி.
எனக்குப் பிடித்திருப்பதால்.
ஏழு என்றால் பொய்.
ஒன்று என்றாலும் பொய்.
நான்கில் வட்டமிட்டேன், கொஞ்சம் ஐந்தின் பக்கம் சாய்த்து.

ஆய்வு முடிந்தது. சைக்கிள்களைக் கிடங்கில் பூட்டினார்கள்.
வியாழன்தோறும் நாங்கள் மூவரும் பாலத்தில்.
ஒரு விளக்குக்கம்பம் வேகம், இரண்டு மெல்ல.
ஊர்சுலா ஜெர்மனில் வைகிறாள்,
மரிசோல் நடுவில் நின்று ஷூ கட்டி ஏமாற்றுகிறாள்.
பத்தாம் விளக்கு எரிவதில்லை.
அதை எண்ணிக்கையில் சேர்ப்பதா கூடாதா என்று
ஒவ்வொரு வாரமும் சண்டை.